கல்வியின் பயன்: ஆயுளும் ஊதியமும்

கல்வியினால் எய்தும் பயன் யாது என்று வினவினால், யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பல தலைமுறைகளாக ஒரே விடையைத் தந்து வந்திருக்கின்றனர்: உத்தியோகம். அவ்விடை பிழையென்று ஈண்டுக் கூறப் புகவில்லை. ஒரு துண்டு நிலமும் பங்குக் கிணறுமன்றி வேறு முதல் இல்லாத குடும்பம், மகனைப் படிப்பித்து ஏதேனுமோர் அரசாங்கக் கந்தோரில் அமர்த்தியதனால் வறுமை நீங்கப்பெற்றமை நம்முட் பலருடைய குடும்ப வரலாறேயாம். ஆயினும் இலங்கையின் கடந்த நூற்றாண்டுக் கணக்குகளை வரிசையாக எடுத்து நோக்குமிடத்து, கல்வி இந்நாட்டுக்குச் செய்த பேருபகாரம் சம்பளப் பட்டியலைக் காட்டிலும் மரணப் பதிவுப் புத்தகத்திலேயே தெளிவாகத் தெரிகின்றது. அஃது எவ்வாறு என்பதையும், அதற்கு மாறாகக் கூறத்தக்கன யாவை என்பதையும் மேல்வகுப்பு மாணவர் தாமே தொடர்ந்து ஆராயுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில எண்களைக் காண்போம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி எழுத வாசிக்க அறிந்தோர் நூற்றுக்கு 58 பேர். ஆண்களுள் 70 பேர் அறிந்திருந்தனர். பெண்களுள் 44 பேரே அறிந்திருந்தனர். அதே ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள்ளும் 141 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தன. ஆயிரம் பிள்ளைப்பேற்றுக்குப் பதினைவர்க்குக் குறையாத தாய்மார் மாண்டனர். பிறக்கும் ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கத்தக்க ஆயுள் ஏறக்குறைய 44 ஆண்டு. பெண் குழந்தைக்கு 42 ஆண்டும் இல்லை. இவ்விறுதி எண்ணை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உணவும் கவனிப்பும் ஒத்த நிலையிற் கிடைக்குமாயின் ஆணினும் பெண்ணே நீண்ட காலம் வாழ்வது இயல்பு. பெண்ணின் ஆயுள் குறைந்திருக்குமிடத்து அங்கே பிள்ளைப்பேற்றின் ஆபத்தோ, வீட்டின் பாரபட்சமோ, இரண்டுமோ தொழிற்படுகின்றன என்று கொள்ளலாம்.

கால் நூற்றாண்டு கழித்து, 1971ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போமாயின், எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 78 பேர் ஆயினர். பெண்களுள் 71 பேர். சிசு மரணம் ஆயிரத்துக்கு ஐம்பதுக்குக் கீழ் இறங்கிவிட்டது. ஆணின் ஆயுள் 64ஐ எட்டியது. பெண்ணின் ஆயுளோ 1960களில் ஆணினதை எட்டிப்பிடித்து, 1971இல் 67ஐ அணுகிக் கடந்து சென்றுவிட்டது. இக்காலத்தில் நாட்டின் தலைக்குரிய வருமானம் இவ்வாறு பெருகியதோவெனின், இல்லை. தேயிலை, றப்பர், தெங்கு என்னும் மூன்றின் விலையை நம்பி ஏறியும் இறங்கியும் ஊர்ந்து சென்ற பொருளாதாரமே நம்முடையது. ஏழை நாடொன்று, ஏழையாக இருக்கும்போதே, செல்வ நாடுகளின் ஆயுளை அணுகியது எவ்வாறு என்பது உலக அறிஞர் பலரை இத்தீவின்பால் ஈர்த்த வினாவாயிற்று.

மலேரியா ஒழிந்தமையே காரணம் என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. போர் முடிந்ததும் டி.டி.ரீ. மருந்து வீடுகள்தோறும் விசிறப்பட்டது. 1946இல் ஆயிரம் சனத்துக்கு 20 ஆக இருந்த மரண வீதம் 1947இல் 14 ஆக வீழ்ந்தது. ஓராண்டில் நிகழ்ந்த இவ்வீழ்ச்சி உலக வரலாற்றில் அரிதான ஒன்று. பீற்றர் நியூமன் என்னும் பொருளியலறிஞர் இவ்வீழ்ச்சியிற் பெரும்பங்கினை மலேரியா ஒழிப்புக்கே உரித்தாக்கினார். பின்னர், 1974இல், கிறே என்பார் மாவட்டக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, போருக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே மலேரியா ஒழிப்பினால் விளைந்தது என்றார். மலேரியா என்றும் கடுமையாக இருந்திராத தென்மேற்கு ஈரவலயத்திலும் அதே ஆண்டுகளில் மரணம் குறைந்தமை அவர் பக்கத்துக்கு வலிவு தருகின்றது. மருந்து விசிறுதலோடு வேறு சிலவும் தொழிற்பட்டிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்துமாம்.

இதனை விட்டு நீங்குமுன் ஒன்று கூறுதல் தகும். கல்வி நலத்தை வளர்க்கின்றது என்று பேசும் நாம், நலம் கல்வியை வளர்ப்பதையும் மறத்தலாகாது. மலேரியா மிகுந்திருந்த மாவட்டங்களிற் பிறந்த பெண்கள், நோய் ஒழிந்தபின் முன்னையோரினும் கூடுதலான ஆண்டுகள் படித்தனர் என்பதை லூக்காஸ் என்னும் பொருளியலறிஞர் இலங்கையையும் பராகுவே நாட்டையும் ஒப்பிட்டு எழுதிய 2010ஆம் ஆண்டு ஆய்வில் எடுத்துக்காட்டினார். குளிர்காய்ச்சலில் நடுங்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறுமா? கோழி முந்தியதா முட்டை முந்தியதா என்ற வழக்கு இங்கும் உண்டு; ஆதலின் காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிய முயல்வோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அடுத்து, வைத்திய வசதி. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பகுதி ஆசியாவிலேயே முதலாவது என்பர். அதைப் பின்பற்றி நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரிகளும் மருத்துவிச்சிகளும் நியமிக்கப்பட்டனர். ஆஸ்பத்திரிகள் பெருகின. போர்க்காலத்திற் புகுத்தப்பட்ட பங்கீட்டரிசி ஏழையின் அடுப்பு அணையாமற் காத்தது. இவை யாவும் இருக்க, கல்வியைத் தனியே பிரித்துப் புகழ்வதற்கு நியாயம் யாது என்று கேட்பது முறையே. அதற்கு விடை நம் நாட்டிலன்று, ஆபிரிக்காவில், நைஜீரியாவில் கிடைத்தது.

அவுஸ்திரேலியக் குடித்தொகை அறிஞர் ஜோன் கால்ட்வெலும், நைஜீரிய அறிஞர் ஒறுபுலோயேயும் அந்நாட்டின் எக்கிற்றிப் பகுதியில் இரண்டு ஊர்களைத் தெரிந்தெடுத்தனர். இரண்டும் பலவற்றில் ஒத்தவை. ஒன்றில் ஆஸ்பத்திரி இருந்தது, மற்றதில் இல்லை. தாய்மாரையும் படித்தோர், படியாதோர் எனப் பகுத்து, அவர்கள் பெற்ற குழந்தைகளின் ஆயுளைக் கணித்தனர். ஆஸ்பத்திரியும் இன்றித் தாயின் படிப்பும் இன்றி இருந்த குழந்தையின் ஆயுளை அடியாகக் கொண்டால், தாய் படியாதவளாக இருந்து ஆஸ்பத்திரி மட்டும் கிடைத்தவிடத்து ஆயுள் நூற்றுக்கு 20 பங்கு கூடியது. ஆஸ்பத்திரி இன்றித் தாய் மட்டும் படித்திருந்தவிடத்து 33 பங்கு கூடியது. இரண்டும் ஒருங்கே வாய்த்தவிடத்தோ 87 பங்கு கூடியது. இருபதும் முப்பத்துமூன்றும் சேர்ந்தால் ஐம்பத்துமூன்றே ஆகும். எஞ்சிய முப்பத்துநான்கும் எங்கிருந்து வந்தன? அவை ஆஸ்பத்திரியும் படிப்பும் ஒன்றையொன்று தழுவியதனாற் பிறந்தவை. படியாத தாய்க்கு ஆஸ்பத்திரி அரைப்பயனே தருகின்றது. ஆஸ்பத்திரி இல்லாத ஊரிற் படித்த தாயின் அறிவும் முழுப்பயன் தருவதில்லை. இலங்கை ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. நம் எண்களின் விளக்கம் பெரும்பாலும் இதுவேயாம்.

தாயின் படிப்பு குழந்தையின் உயிரைக் காப்பது எவ்வழியால்? நோய்க்கிருமியைப் பற்றிய அறிவினால் என்று சொல்லத் தோன்றும். சிறிதளவு உண்மை அதில் உண்டு. ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்ணொருத்தி உடல்நூல் எவ்வளவு கற்றிருப்பாள்? சுகாதார பாடத்திற் கை கழுவுதல், பல் விளக்குதல், ஈ மொய்த்ததை உண்ணாமை என்னும் அளவே அவள் மனத்தில் நின்றிருக்கும். அவ்வளவு சிறிய அறிவு அவ்வளவு பெரிய பயனைத் தரவில்லை. வேறு மூன்று வழிகளை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

முதலாவது, வீட்டில் அவளுக்கு ஏற்படும் இடம். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் முன்னாளில் முடிவு செய்தவர் மாமியார். நாவூறு என்று கழிப்புக் கழிப்பதா, பரியாரியாரை அழைப்பதா, நாளை பார்ப்போம் என்று விடுவதா என்பதெல்லாம் பெரியவர்களின் தீர்ப்பு. பெற்றவள் அழலாமே யன்றிப் பேச இயலாது. பள்ளிக்கூடம் சென்ற மருமகள், தான் கற்றது சொற்பமேயாயினும், ‘இப்போதே கொண்டுபோக வேண்டும்’ என்று சொல்லும் துணிவு பெற்றாள். வியப்பு யாதெனில், மாமியாரும் படித்த மருமகளின் சொல்லுக்கு ஓரளவு மதிப்புக் கொடுத்தார். புதிய உலகத்தோடு பேசத் தெரிந்தவள் அவள் என்று வீடு ஒப்புக்கொண்டது.

இரண்டாவது, அந்தப் புதிய உலகத்தோடு பேசுதல். ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் வைத்தியமாகாது. துண்டு எடுக்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். டொக்டர் கேட்பதற்கு விடை கூற வேண்டும். அப்போதிக்கரி கொடுக்கும் கலவை மருந்தைத் தினம் மூன்றுவேளை, இத்தனை நாள் என்று நினைவில் வைத்துக் கொடுக்க வேண்டும். குணமில்லையெனில் மீண்டும் போக வேண்டும். படியாத தாய் இரண்டாம் முறை போக நாணுவாள். தந்த மருந்து பலிக்கவில்லை என்று அதிகாரியிடம் சொல்வது மரியாதைக்குறைவு என்று நினைப்பாள். படித்தவள் பள்ளியில் ஆசிரியர் முன் எழுந்து நின்று விடை சொல்லிப் பழகியவள். கால்ட்வெல் தம் துணைவியாரோடும் இலங்கை அறிஞரோடும் 1980களில் இத்தீவின் கிராமங்களை ஆராய்ந்தபோது, இலங்கைப் பெற்றோர் நோய்க்குறி கண்டவுடனே வைத்தியரை நாடுவதையும், ஓரிரு நாளிற் குணம் காணாவிடின் மறுபடி செல்வதையும், வேறு வைத்தியரை நாடுவதையும் கண்டு, தாம் முன்னர் ஆராய்ந்த தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலங்கையைப் பிரிப்பது இவ்விரைவே என்று எழுதினார். டொக்டரை மாற்றி மாற்றிப் பார்க்கும் நம்மவர் பழக்கத்தை நாம் எள்ளி நகையாடுவதுண்டு. அப்பழக்கம் எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கின்றது.

மூன்றாவது, திருமணம் தள்ளிப்போதல். 1946இல் இலங்கைப் பெண்களின் சராசரித் திருமண வயது 21க்குச் சற்றுக் குறைவு, 1971இல் 23½, 1981இல் 24ஐத் தாண்டியது. உடல் முதிராத பருவத்திற் பிள்ளைப்பேறு குறைந்தது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளியும் கூடியது. தாயும் சேயும் ஒருங்கே பிழைத்தனர்.

இவற்றோடு, எவரும் அதிகம் எடுத்துரையாத ஒன்றையும் சேர்க்க விரும்புகின்றேன். மருத்துவிச்சி யார்? அவளும் ஊர்ப் பாடசாலையிற் படித்து, பயிற்சிபெற்று, சைக்கிளிலோ கால்நடையாகவோ வீடுவீடாகச் சென்ற பெண்தான். பதிவேடு எழுத அறியாதவள் அவ்வேலையைச் செய்ய முடியாது. முன்னர் கொப்பூழ்க்கொடியை எதனாலும் அறுத்து, சாம்பலோ மஞ்சளோ அப்பியதனால் எத்தனையோ சிசுக்கள் ஏற்பு நோயினால் ஒருவாரத்துள் மடிந்தன. கொதிநீரில் அவித்த கத்தரிக்கோலும் தூய துணியும் கொண்டு அவள் அக்கொடுமையை நிறுத்தினாள். பெண்களைப் படிப்பித்ததனால் அறிவுடைய தாய்மார் கிடைத்தனர். அவர்களுக்குப் பணிபுரியும் மருத்துவிச்சிகளும் தாதிமாரும் அதே வகுப்பறையிலிருந்தே கிடைத்தனர். இரண்டு கரையிலிருந்தும் ஒரே பாலம் கட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இதற்கொரு முன்னோடி உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, உடற்கூறு, சத்திரவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் கற்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவர், தமிழிற் கற்றவர் ஊரிலேயே நின்று வைத்தியம் செய்வர் என்பது அவர் கண்ட நியாயங்களுள் ஒன்று. மொழிக்கும் ஊதியத்துக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பை இதனினும் சுருக்கமாக விளக்கல் அரிது.

நிற்க, பள்ளிக்கூடங்களின் வரலாற்றுக்கு வருவோம். 1945 ஒக்தோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் பெயர் அதனோடு என்றும் நிற்கும். மத்திய மகாவித்தியாலயங்கள் ஐம்பதுக்கு மேல் நிறுவப்பட்டன. ஆயினும் இலவசக் கல்வியால் முதலிற் திறந்த கதவு ஆங்கிலப் பாடசாலைகளின் கதவே என்பதை மாணவர் அறிதல் வேண்டும். சுயபாஷைப் பாடசாலைகளில் அதற்கு முன்னரும் கட்டணம் இல்லை. 1940களிலும் 1950களிலும் பிள்ளை பெற்ற தாய்மார் பெரும்பாலோர் படித்தது அச்சுயபாஷைப் பாடசாலைகளிலேதான். 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலரவர்கள் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை தொடக்கம், மிசனரிமாரின் கிராமப் பாடசாலைகள், 1923இல் தோன்றிய சைவவித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகள் என்று ஓலையாலும் கல்லாலும் கட்டப்பட்ட அச்சிறிய கட்டடங்களே அவர்களுக்கு எழுத்தறிவித்தன. எனவே துணிந்து ஒன்று கூறலாம்: ஊதியம் தந்தது ஆங்கிலக் கல்லூரி, உயிர் காத்தது ஊர்ப் பாடசாலை. விழாக் கொண்டாடும் நம் கல்லூரியின் புகழ் பெரும்பாலும் முன்னையதைச் சார்ந்தது. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் நம் சகோதரிமார் அமர்ந்த திண்ணைக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

அத்திண்ணையும் எல்லோருக்கும் ஒரேவிதமாக இருந்ததன்று. சாதியின் பெயரால் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளும், வாயிலிலேயே மறிக்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். 1930ஐ அடுத்த ஆண்டுகளிற் சமஆசனம் வழங்கப்பட்டதற்காகச் சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. கல்வியாற் கிடைக்கும் ஆயுள் என்று மேலே கணக்கிட்டோமே, அந்த ஆயுளையே அக்குழந்தைகளுக்கு நம்மவர் மறுத்தனர் என்பது அக்கணக்கின் மறுபக்கம்.

இனி ஊதியத்தைப் பார்ப்போம். கல்வி சம்பளத்தை உயர்த்துகின்றதா? உயர்த்துகின்றது என்பதற்கு இந்தோனேசியா நல்ல சான்று. எண்ணெய் விலை ஏறியதனாற் கிடைத்த பணத்தைக்கொண்டு அவ்வரசாங்கம் 1973–74 முதல் 1978–79 வரை 61,000க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. கட்டப்பட்ட பாடசாலைகளின் தொகை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டதையும், சில வயதினரே அவற்றிற் படிக்க வாய்ப்புப் பெற்றதையும் பயன்படுத்தி, எஸ்தர் டுஃப்லோ 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தை நூற்றுக்கு ஏறக்குறைய 7 முதல் 11 வரை உயர்த்தியது என்று காட்டினார். இம்முறையின் சிறப்பு யாதெனின், படித்தவன் உயர்ந்த சம்பளம் பெறுவது படிப்பினாலா, அன்றி இயல்பாகவே வல்லவனும் வசதியுள்ளவனுமாக இருப்பதனாலா என்னும் ஐயத்தை அது பெரிதும் நீக்குகின்றது.

ஆனால் இந்தோனேசியாவில் அக்காலம் தொழில்கள் வளர்ந்துகொண்டிருந்தன. வளராத இடத்தில் யாது நிகழும்? நம் நாட்டிலே நிகழ்ந்ததைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் கப்பலேறி மலாயாவுக்குச் சென்று புகையிரதத்திலும் அளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையால் ஊர்களில் ஓட்டு வீடுகள் எழுந்தன. கோயில்களும் கல்லூரிகளும் வளர்ந்தன. மலாயாப் பென்சனியர் என்ற பெயரே ஒரு பட்டமாயிற்று. அது கல்வியின் ஊதியந்தான். எனினும் அவ்வூதியத்தைத் தந்தது வேறொரு நாட்டின் வளர்ச்சி. அந்த வழி அடைபட்டபின் கொழும்பே கதியாயிற்று. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது; 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழகப் புகுமுகத்திற் தரப்படுத்தல் வந்தது. படிப்பின் அளவு குறையவில்லை; படிப்பை ஊதியமாக மாற்றும் வாயிலே ஒடுங்கிற்று. ஒருவன் பெறும் ஊதியம் அவன் கற்ற கல்வியை மட்டும் பொறுத்ததன்று, அவனை வேலைக்கு எடுப்போரின் கொள்கையையும் பொறுத்தது என்பதற்கு வேறு சான்று நமக்கு வேண்டுவதில்லை.

தெற்கிலும் படித்த இளைஞர் நிலை வேறாகவில்லை. வேலையற்ற சிங்கள இளைஞரின் கிளர்ச்சி 1971 ஏப்பிரலில் வெடித்தது. அதே ஆண்டு சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழுவினர், படித்தோர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையை விரிவாக எழுதினர். றொனால்ட் டோர் என்னும் ஆங்கில அறிஞர் 1976இற் சான்றிதழ் நோய் பற்றி எழுதிய நூலில் இலங்கையும் ஓர் உதாரணமாயிற்று. அவர் கூறுவது எளிது: எட்டாம் வகுப்புப் படித்தவன் பார்த்த லிகிதர் வேலைக்குப் பின்னர் சிரேஷ்ட தராதரப் பத்திரம் கேட்கப்படுகின்றது, அதன்பின் பட்டம் கேட்கப்படுகின்றது. வேலை மாறவில்லை, வாசற்படியே உயர்கின்றது. பரீட்சைக்காகவே படிப்பு என்றாகும்போது படிப்பும் கெடுகின்றது. ரியூசன் கொட்டில்களுக்குப் பிள்ளைகளை விடியற்காலையில் அனுப்பும் இன்றைய பெற்றோர் இதனை மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்லலாம். பயிர்த்தொழிலிற் புதிய முறைகள் புகும்போதே கல்விக்குப் பலன் உண்டு என்றார் 1979இல் நோபல் பரிசு பெற்ற சூல்ற்ஸ். பாட்டன் செய்ததையே பேரனும் செய்யுமிடத்து எழுத்தறிவு விளைச்சலைக் கூட்டாது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் துலா மிதித்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது, செயற்கை உரமும் பூச்சிமருந்தும் புதிய விதையும் வந்தபோது, பத்திரிகை படிக்கும் தோட்டக்காரன் முந்திக்கொண்டான். 1970 முதல் 1977 வரை வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், உத்தியோகம் கிடையாத படித்த இளைஞர் பலர் மண்வெட்டி எடுத்து உத்தியோகத்தரிலும் மிகுதியாக உழைத்தனர். இறக்குமதி திறக்கப்பட்டதும் அந்நிலை மாறிற்று.

ஊதியமும் நலமும் ஒன்றோடொன்று இணைந்தே செல்லும் என்று எண்ணுவோர் மலைநாட்டுத் தோட்டங்களை நோக்குதல் வேண்டும். அங்கே கணவனும் மனைவியும் நாட்கூலி பெற்றனர். பணமாகக் கிடைக்கும் வருவாயில் ஏழைக் கிராமவாசி பலரிலும் அவர்கள் தாழ்ந்தவரல்லர். தோட்ட ஆஸ்பத்திரியும் பெயரளவில் இருந்தது. ஆயினும் சிசு மரணம் நாட்டின் சராசரியை விட மிக உயர்ந்தே நின்றது. நுவரெலியா மாவட்டம் அவ்வகையில் முதலிடத்தில் நின்ற காலத்தில் யாழ்ப்பாண மாவட்டம் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் ஆயிரம் சிசுக்களுக்கு நூற்றுக்கு மேல் மடிந்தன. ஏன்? லயன் காம்பிராவின் நெருக்கமும் நீர்வசதியின்மையும் காரணம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்களுக்குக் குரல் இல்லாமை காரணம். அவற்றோடு பள்ளிக்கூடமும் காரணம். லயத்துக்கு அருகே ஒற்றை அறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே தோட்டப் பாடசாலை. கொழுந்துக் கூடை தாங்கும் வயது வந்ததும் பெண்பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அதன்பின் சிசு மரண இடைவெளி பெரிதும் குறுகியுள்ளது. எனினும் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாட்டில் நூற்றுக்கு 17 ஆக இருக்க, தோட்டங்களில் 32 ஆக இருந்தனர்.

எண்களை நம்பிப் பேசும் நாம் அவ்வெண்களின் குறையையும் அறிந்திருத்தல் நன்று. 1981இன் பின் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பு 2012இலேதான் நடைபெற்றது. 1987, 1993ஆம் ஆண்டுகளில் நடந்த குடித்தொகைச் சுகாதார ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006–07 ஆய்விலும் வடமாகாணம் இல்லை. இலங்கையின் சாதனை என்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட பல அட்டவணைகளில் நம் ஊர்க் குழந்தைகளின் பிறப்பும் இறப்பும் இடம்பெறவில்லை. அவ்வட்டவணைகளைப் பயன்படுத்தும் மாணவர் அடிக்குறிப்பையும் படிக்கக் கடவர்.

இன்று இலங்கையின் பல்கலைக்கழகங்களிற் பெண்களே பெரும்பான்மையினர். ஆயினும் வேலைசெய்யும் வயதுப் பெண்களுள் ஊதியம் பெறும் வேலையில் இருப்போரும் அதைத் தேடுவோருமாக மூன்றிலொரு பங்கினரே உளர். ஆண்களுள் பெரும்பான்மையினர். தாயின் படிப்பு குழந்தைக்கு ஆயுளாக மாறிற்று. அவளுக்கே ஊதியமாக மாறவில்லை. வேலைத்தலம் தூரம், மாலை பேருந்து இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, ஆசிரியப் பணி அல்லாதது கௌரவமன்று என்னும் எண்ணம் என்று காரணம் பலவாம். இவற்றுட் பள்ளிக்கூடம் தனியே நீக்கத்தக்கது ஒன்றுமில்லை.

மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கின்றேன். தம் குடும்பத்திலும் அயலிலும் உள்ள மூதாட்டிமார் இருபதின்மரை அணுகி, நான்கு வினாக்களை மட்டும் கேட்டு அட்டவணை அமைக்க: பிறந்த ஆண்டு யாது? எத்தனையாம் வகுப்புவரை படித்தார்? எத்தனை பிள்ளைகள் பிறந்தனர்? ஐந்து வயதுக்கு மேல் நிலைத்தவர் எத்தனை பேர்? மூன்றாம் வினாவைக் கேட்குமிடத்து, இறந்த குழந்தைகளைச் சிலர் கணக்கிற் சேர்க்காது விடுவர். ஆதலின் ஒவ்வொரு பிள்ளைப்பேறாக, முதற்பிள்ளை தொடக்கம், ஆறுதலாகக் கேட்டல் வேண்டும். பின்னர், படியாதோர், ஐந்தாம் வகுப்புவரை படித்தோர், அதற்கு மேற் படித்தோர் என மூன்றாகப் பகுத்து, பிறந்த ஆயிரத்துக்கு இறந்தோர் எத்தனை என்று கணக்கிடுக. பிறந்த ஆண்டையும் இணைத்து நோக்கினால், காலத்தினால் நேர்ந்த மாற்றத்தையும் படிப்பினால் நேர்ந்த மாற்றத்தையும் ஓரளவு பிரித்தறியலாம். இருபது பேர் போதாரெனின் வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்க. முப்பது மாணவர் கூடினால் அறுநூறு தாய்மாரின் வரலாறு ஒரு தவணைக்குள் கைக்கு வரும்.